பயனர் அகப்பட்டார்

கண்ணாடிக்காரருக்குக் கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. கடையில் கண் சோதிக்கிற இயந்திரம் ஒன்று இருக்கிறது. பொத்தானை அமுக்குவார், அது ஒரு எண்ணைக் காட்டும், இவர் எழுதிக்கொள்வார். தொழில்நுட்பத்தோடு அவருக்கு இருந்த கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான். அப்பேர்ப்பட்டவர் ஒரு லினக்ஸ் இயக்கத்தின் தூண்களில் ஒருவராக ஆனதில் அவர் தப்பு எதுவும் இல்லை. அக்கா போகச் சொன்னாள், போனார்.

அக்கா தையல் கூடம் நடத்துகிறாள். பள்ளிச் சீருடைதான் அவளுடைய முக்கிய வேலை. அளவைக் கொடுத்தால் முன்பக்கம், முதுகு, கை, காலர் என்று வெட்டுப் படம் வரைந்து தருகிற ஓர் இலவச மென்பொருளைப் பிடித்து வைத்திருந்தாள். அந்தப் படத்தைத் தாள்தாளாகப் பிரிண்ட் எடுப்பாள், ஒட்டுவாள், துணிமேல் விரித்து வெட்டுவாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்குள், இவ்வளவு பழைய கம்ப்யூட்டர்களை இனிமேல் எங்களால் கவனிக்க முடியாது என்று அவள் கம்ப்யூட்டரில் இருந்த சிஸ்டத்தைச் செய்த கம்பெனி கையைக் கழுவிவிட்டது. ஒரு நாள் காலையில் திரை நீலமாக வந்து நின்றது, நின்றதுதான். ரிப்பேர் கடைக்காரர் மூடியைக் கூடத் திறந்து பார்க்கவில்லை, "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கம்மா" என்றார்.

புதுசு வாங்குகிற நிலைமையில் அக்கா இல்லை. ஒரு புதிய பள்ளிக்கூடம் முதல் தடவையாக மொத்தச் சீருடையையும் அவளை நம்பிக் கொடுத்திருந்தது. திறப்பு நாளுக்குள் கொடுக்காவிட்டால் வேலை பெரிய ரெடிமேட் கம்பெனிக்குப் போய்விடும், அப்புறம் ஜென்மத்துக்கும் திரும்பி வராது. அந்த நேரம் பார்த்து, படிக்கிற கண்ணாடி வாங்க வந்த ஒருவர் கண்ணாடிக்காரரிடம் ஒரு சேதி சொன்னார். பழைய கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்கிற, லினக்ஸ் டெஸ்க்டாப் என்கிற மாற்று சிஸ்டம் ஒன்றைச் சில தன்னார்வலர்கள் சேர்ந்து செய்கிறார்களாம், சும்மாவே தருகிறார்களாம்.

"ஞாயித்துக்கிழமை போய் ஒரு பென் டிரைவ்ல வாங்கிட்டு வந்துடு தம்பி. போனோம் வந்தோம்னு இரு. யார்கிட்டயும் பேச்சுக் கொடுத்து உக்காந்துடாதே" என்றாள் அக்கா. தம்பியைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

இடம் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. சின்னப் பிள்ளைகளுக்கான பெஞ்சுகளில் வளர்ந்த ஆட்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் சாக்பீஸோடு நின்றவர் கணக்கு வாத்தியார். சுவரில் கொட்டை எழுத்தில் 'மக்கள் பதிப்பு' என்று தட்டி தொங்கியது.

"எந்தக் குழுவுல சேர வந்திருக்கீங்க?" என்று கேட்டார் வாத்தியார்.

"சேர வரலீங்க. அந்த டெஸ்க்டாப் ஒண்ணு வேணும். பயன்படுத்தத்தான்."

வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"பயன்படுத்தவா?"

"ஆமாங்க. எங்க அக்காவுக்கு."

"பயனர்!" என்று யாரோ பின்னாலிருந்து மூச்சு வாங்கச் சொன்னார்கள். ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். முன் பெஞ்சில் இருந்த பல் டாக்டர் பழக்கதோஷத்தில் கண்ணாடிக்காரரின் வாயைக் கூர்ந்து பார்த்தார். மருந்துக்கடை அம்மா மட்டும் நிதானம் இழக்கவில்லை. "முதல்ல கதவைச் சாத்துங்க" என்றார்.

பயனருக்காக அந்த இயக்கம் எத்தனையோ வருஷமாகப் பாடுபட்டு வந்தது. பயனருக்கு எது எளிது, எது புரியாது, பயனரின் மனம் எதில் புண்படும் என்றெல்லாம் ஞாயிறுதோறும் தொண்டை வறளப் பேசினார்கள். ஆனால் பயனர் என்று ஒருவரை நேரில் கண்டவர் யாரும் இல்லை. நீங்களே பயன்படுத்தலாமே என்று கண்ணாடிக்காரர் அப்பாவியாகக் கேட்டார். பல் டாக்டர் அடக்கத்தோடு சிரித்தார். "இது பொதுமக்களுக்குச் செய்யறதுங்க. எங்களுக்கு ஒத்து வராது. வீட்டுல நாங்க ஒவ்வொருத்தரும் வேற வேற வச்சிருக்கோம்."

"உங்க தலைவர் யாருங்க?" என்று கண்ணாடிக்காரர் அடுத்துக் கேட்டார்.

"நம்ம இயக்கத்துல தலைவர்னு யாரும் கிடையாது" என்றார் வாத்தியார். "நான்தான் அப்படி முடிவு பண்ணினேன்."

பிறகு முறை என்னவென்று விளக்கினார். எதையும் எல்லோரும் ஒருமித்துத்தான் முடிவு செய்வார்கள். தீர்மானத்தைப் படித்துவிட்டு "எதிர்ப்பு உண்டா?" என்று கேட்பார்கள், கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். ஒரே ஒருவர் எதிர்த்தாலும் சரி, ஒரு சின்னத் திருத்தம் சொன்னாலும் சரி, விஷயம் அடுத்த கூட்டத்துக்குப் போகும். விதிகள் எல்லாம் மருந்துக்கடை அம்மாவுக்கு மனப்பாடம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று சொல்கிற அதே குரலில் விதியையும் சொல்வார்.

பென் டிரைவ் கேட்ட கண்ணாடிக்காரரைப் பயனர் பிரதிநிதியாக்கித் தீர்மானம் போட்டார்கள். எதிர்ப்பு இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணாடி போட்டுப் பார்வை தெளிந்த எத்தனையோ பேர் அவர் கடையைவிட்டுப் போயிருக்கிறார்கள், ஒருவரும் கைதட்டியதில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நம்மையும் நடுவில் உட்காரவைத்து நாலு பேர் கைதட்டினால் எதற்கு வந்தோம் என்பது நமக்கும் மறந்துதான் போகும்.

அக்கா வாசலிலேயே கையை நீட்டினாள்.

"எங்கேடா?"

"வெளியீடு ஆனதும் தருவாங்களாம். என்னைப் பிரதிநிதியா போட்டிருக்காங்க அக்கா."

"பென் டிரைவ் வாங்கிட்டு வான்னு அனுப்பினா பதவி வாங்கிட்டு வந்திருக்கே?"

"உனக்காகத்தான் அக்கா. உள்ளே இருந்தாத்தானே சீக்கிரம் நடக்கும்?"

இதை அவர் மனதார நம்பிச் சொன்னார். வெளியீடு தள்ளிப்போவதற்குக் காரணம் வால்பேப்பர். திரையில் முதலில் தெரிகிற படமாகக் கடலோரம் ஒரு சூரியனைப் போட்டிருந்தார்கள். அது உதயமா அஸ்தமனமா என்று ஒரு கூட்டத்தில் கேள்வி வந்தது. உதயம் என்றால் சாயங்காலம் கம்ப்யூட்டர் திறக்கிறவரை ஏமாற்றுகிறோம், அஸ்தமனம் என்றால் எல்லோரையும் சோர்வடையச் செய்கிறோம். சூரியனை எடுத்துவிட்டு வெறும் நிறம் போதும் என்று முடிவாயிற்று. எந்த நிறம் என்று கேட்டபோது பல் டாக்டர் பச்சைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவர் காட்டிய பச்சையைப் பார்த்து மற்றவர்கள் விழித்தார்கள்.

இங்கேதான் கண்ணாடிக்காரரின் தொழில் கை கொடுத்தது. அடுத்த கூட்டத்துக்கு அவர் நிறம் சோதிக்கிற புள்ளிப் படங்களைக் கடையிலிருந்து எடுத்து வந்தார். புள்ளிக்குள் ஒளிந்திருக்கிற எண்ணை எல்லோரும் படித்தார்கள், பல் டாக்டர் மட்டும் எண் எங்கே என்று கேட்டார். இத்தனை மாதமாக அவர் பச்சை என்று போராடியது செங்கல் நிறத்துக்காக.

வேறு இடமாக இருந்தால் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். மக்கள் பதிப்பில் அப்படி இல்லை. வாத்தியார் கனத்த குரலில் பேசினார்: "நம்ம தோழருக்குத் தெரியாத நிறம் நமக்கும் வேண்டாம். ஒருத்தர் ரசிக்க முடியாத அழகை எல்லாருமே ரசிக்காம இருக்கறதுதான் சமத்துவம்." சிவப்பு, பச்சை, அவற்றின் ஒன்றுவிட்ட உறவுகள் எல்லாம் ஒரே வீச்சில் போயின. சாம்பல் நிறம் ஒருமனதாக நிறைவேறியது. அதிலும் எந்தச் சாம்பல் என்பதற்கு ஒரு துணைக்குழு போட்டார்கள். கண்ணாடிக்காரர் பயனர் அனுபவக் குழுவின் பொறுப்பாளர் ஆனார்.

அன்றே மருந்துக்கடை அம்மா ஒரு விஷயத்தைச் சொன்னார்: "பொறுப்பாளர் ஆயிட்டீங்கன்னா நீங்க பயனர் கணக்குல வரமாட்டீங்க. உள்ளே இருக்கறவருக்கு எல்லாம் பழகிடும். வெளியீட்டு விழாவுக்கு வேற பயனரை நீங்கதான் கொண்டு வரணும்."

"அக்கா இருக்காளே" என்றார் கண்ணாடிக்காரர்.

அக்கா இருந்தாள், ஆனால் பொறுமை இருக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து தலைமை ஆசிரியை இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். துணிக்கட்டுகள் வந்து கூடத்தில் கிடந்தன. முன்பே பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த வெட்டுப் படத்தின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பிரிண்ட் எடுக்கிற கடைக்கும் போய்ப் பார்த்தாள், அங்கே அது திறக்கவில்லை.

"என்னடா ஆச்சு?"

"வால்பேப்பர் முடிஞ்சுது அக்கா."

"எனக்குச் சட்டை முடியணும்டா."

"இது பெரிய விஷயம் அக்கா. உலகம் பூரா இப்படித்தான் செய்யறாங்க. எல்லாரையும் கலந்துதான் போகணும். அவசரப்பட்டா ஜனநாயகம் இருக்காது."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீ இப்படியெல்லாம் பேச மாட்டியேடா" என்றாள், கொஞ்சம் கவலையாகவே.

அடுத்த கூட்டத்தில் நடந்ததைத்தான் கண்ணாடிக்காரர் இன்றுவரை யாரிடமும் சரியாகச் சொல்லவில்லை. பதிப்பு பருத்துவிட்டது, எதையாவது கழற்றினால்தான் பழைய கம்ப்யூட்டரில் ஓடும், உடனே வெளியிடலாம் என்றார் வாத்தியார். எதைக் கழற்றுவது? கடிகாரமே ஐந்து இருந்தன. ஆனால் ஐந்தையும் செய்தவர்கள் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுக் கேட்கிற நிரல் மூன்று, அவற்றின் பெற்றோரும் ஆஜர். தட்டிக்கொண்டே போய்க் கடைசியில் பிரிண்ட் எடுக்கிற பகுதிக்கு வந்தார்கள். வெளியே யாரோ முகம் தெரியாதவர்கள் செய்து பொதுவில் வைத்தது அது. அதற்காகப் பேச அங்கே ஒரு நாதி இல்லை. அங்கிருந்த யார் வீட்டிலும் பிரிண்டரும் இல்லை.

"அச்சு வசதியை நீக்கிவிட்டு உடனே வெளியிடலாம். எதிர்ப்பு உண்டா?" என்று கேட்டார் வாத்தியார். பிறகு மரியாதையாக, "பயனர் அனுபவம் என்ன சொல்லுது?" என்று கண்ணாடிக்காரரைப் பார்த்தார்.

அவருக்கு அக்காவின் முகம் ஞாபகம் வராமல் இல்லை. நன்றாகவே வந்தது. எதிர்ப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் அடுத்த கூட்டத்துக்குப் போகும். அக்காவுக்கோ அவசரம். அக்காவுக்குச் சீக்கிரம் கிடைக்க வேண்டுமென்றால் பிரிண்ட்டை விட்டுக்கொடுப்பதுதான் வழி. அக்காவுக்கு அது வேண்டியதே பிரிண்ட் எடுக்கத்தான் என்ற விவரம் அந்தக் கணக்கில் எங்கேயோ நழுவி விழுந்துவிட்டது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தக் காலத்துல யாருங்க பிரிண்ட் எடுக்கறா?" என்றார்.

பலத்த கைதட்டல்.

விழா பொது நூலகத்தின் கூட்ட அறையில் நடந்தது. அக்காவின் கம்ப்யூட்டரைக் கண்ணாடிக்காரர் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்தார். அக்கா கேட்டுக்கொண்டபடி பிரிண்டரையும் கொண்டு வந்து மேசையில் வைத்தார். இன்னும் ஏதாவது வழி பிறக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

வாத்தியார் பேசினார்.

"நாம யாருக்காகவும் இதைச் செய்யல, எல்லாருக்காகவும் செஞ்சோம். ஒரு ஆளுக்கு உதவி செய்யறது சுலபம், யார் வேணா செய்வாங்க. ஆனா ஒரு ஆளுக்கு உதவினா மத்தவங்களுக்கு உதவாம விட்டோம்னு அர்த்தம். அந்தப் பாவத்தை இத்தனை வருஷத்துல நாம ஒரு தடவைகூடச் செஞ்சதில்லைன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்றேன்."

பென் டிரைவைச் செருகினார்கள். அதற்கப்புறம் நடந்ததில் கேலி செய்ய ஒன்றும் இல்லை. கடைக்காரர் தூக்கிப் போடச் சொன்ன அந்தக் கிழட்டுப் பெட்டி முனகிக்கொண்டே எழுந்தது, சாம்பல் திரையைக் காட்டியது, சுறுசுறுப்பாக ஓடத் தொடங்கியது. அக்காவின் மென்பொருள் அதில் திறந்தது. புதுப் பள்ளிச் சட்டையின் முன்பக்கமும் முதுகும் காலரும் கோடு பிசகாமல் வந்து நின்றன. கூலியில்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து இந்த ஆட்கள் நிஜமாகவே ஒன்றைச் செய்திருந்தார்கள். அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"நல்லா இருப்பீங்கய்யா" என்றாள். "இப்ப பிரிண்ட் எங்கே அமுக்கணும்?"

அக்கா தானே தேடினாள். ஒவ்வொரு பட்டியலாகத் திறந்தாள். ஐந்து கடிகாரமும் சரியான நேரம் காட்டின.

"எங்கேங்க காணோம்?"

"நீக்கிட்டோம்மா" என்றார் பல் டாக்டர், தலையைக் குனிந்துகொண்டு. "யாரும் பிரிண்ட் எடுக்கறதில்லைன்னு சொன்னாங்க."

"எந்த மடையன் சொன்னான்?"

பாவம், அவர்கள் நல்லவர்கள். ஒருவரும் கண்ணாடிக்காரரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர்கூடப் பார்க்காமல் இருந்ததிலிருந்தே அக்கா புரிந்துகொண்டாள். அவள் புடவைத் தலைப்பால் பிரிண்டரின் மேல் படிந்த தூசியைத் துடைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"அதுக்கான மென்பொருள் பொதி இணையத்துல இருக்கு. இறக்கிப் போட்டா வேலை முடிஞ்சுது, டீ ஆறறதுக்குள்ள முடியும்" என்றார் மருந்துக்கடை அம்மா. "ஆனா இப்ப அது வெளியிட்ட பதிப்பு. மேடையில வச்சுக் கை வைக்கணும்னா தீர்மானம் வேணும்."

வாத்தியார் உடனே எழுந்தார். "இந்த அம்மாவின் கம்ப்யூட்டரில் அச்சு வசதியைச் சேர்க்கலாம். எதிர்ப்பு உண்டா?"

சாம்பலுக்கே துணைக்குழு போட்டவர்கள் அத்தனை பேரும் வாயை இறுக மூடிக்கொண்டு அக்காவைப் பார்த்தபடி இருந்தார்கள். கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் போனால் போதும். அப்போது கண்ணாடிக்காரர் எழுந்தார்.

"எதிர்ப்பு இல்லை! முழு மனசோட ஆதரிக்கிறேன்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அதோடு உட்கார்ந்திருக்கலாம். கைதட்டல் கேட்டதும் அவருக்கு உட்கார வரவில்லை. "ஒரே ஒரு சின்னத் திருத்தம். 'இந்த அம்மாவின்'னு இருக்கறதைப் 'பயனர் அனைவரின்'னு மாத்திடணும். பொறுப்பாளர் தன் அக்காவுக்குச் சலுகை காட்டினார்னு நாளைக்கு நம்ம இயக்கத்துக்கு ஒரு கெட்ட பேர் வந்துடக் கூடாது பாருங்க."

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"திருத்தம் வந்துடுச்சு" என்றார் மருந்துக்கடை அம்மா. "அடுத்த கூட்டம்."

"ஐயையோ, நான் ஆதரவாத்தானே சொன்னேன்!"

"ஆதரவா சொன்னாலும் திருத்தம் திருத்தம்தான்."

"அப்படின்னா வாபஸ் வாங்கிக்கறேன்."

"வாபஸ் வாங்கறதும் ஒரு திருத்தம்தான். அதுவும் அடுத்த கூட்டம்தான்."

அக்கா நாற்காலியைவிட்டு எழுந்தாள். "பேசி முடிச்சிட்டியா தம்பி?" என்று கேட்டுவிட்டு, பல் டாக்டர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு அந்த வேலை செய்யத் தெரியுமாய்யா?"

"தெரியும்மா. ரொம்பச் சின்ன வேலை."

"என் வீட்டுல செய்யறதுக்குத் தீர்மானம் ஏதாச்சும் வேணுமா?"

பல் டாக்டர் மருந்துக்கடை அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா மேலே பார்த்து யோசித்தார். "வீட்டைப் பத்தி விதி எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டு, கையோடு பிரிண்டரைத் தூக்கிக்கொண்டார். பல் டாக்டர் பெட்டியைத் தூக்கினார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வயரை எடுத்துக்கொண்டார்கள். பயனர் தன் வீட்டில் உட்கார்ந்து பயன்படுத்துவதைப் பார்க்கிற பாக்கியம் இன்னொரு தடவை வாய்க்குமா என்ன?

"வாத்தியாரே, நீங்களுமா?" என்றார் கண்ணாடிக்காரர். "அடுத்த கூட்டம்?"

"நீங்க வேணா இப்பவே ஆரம்பிச்சிடுங்க. அறை சாயங்காலம் வரைக்கும் நம்மளதுதான்" என்று சொல்லிக்கொண்டே வாத்தியாரும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கண்ணாடிக்காரருக்குக் கால் வாசல் பக்கம் இழுத்தது. ஆனால் போனால் திருத்தம் அந்தரத்தில் நிற்கும். குறைந்தபட்சம் இத்தனை பேர் இருந்தால்தான் கூட்டம் என்று ஒரு விதி இருக்கிறதா என்று யோசித்தார். எத்தனை பேர் என்பதில் ஒருமிக்க முடியாமல் அந்த விதியை எப்போதோ கைவிட்டிருந்தார்கள். ஆகவே அவர் மேடை ஏறினார், காலி நாற்காலிகளைப் பார்த்துத் தீர்மானத்தைத் திருத்தத்தோடு உரக்கப் படித்தார். "எதிர்ப்பு உண்டா?" என்று கேட்டார். முறைப்படி காத்திருந்தார். இயக்கம் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு முழுமையான ஒருமித்த கருத்து ஏற்பட்டதில்லை. கைதட்ட மட்டும் ஆள் இல்லாதது அவருக்கு என்னவோ போல் இருந்தது.

மின்விசிறியை அணைத்துவிட்டு அக்கா வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். கதவு திறந்தே கிடந்தது.

"அக்கா, தீர்மானம் நிறைவேறிடுச்சு! இனிமே நீ பிரிண்ட் எடுக்கலாம்!" என்று வாசலிலிருந்தே கத்தினார்.

கூடம் முழுக்கத் தாள். வாத்தியார் மண்டியிட்டு ஒரு முதுகுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் இரண்டு கைகளைச் சேர்த்துப் பிடித்திருந்தார், மருந்துக்கடை அம்மா காலர்களை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். பிரிண்டர் அடுத்த தாளைத் துப்பிற்று. ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை.

"ரொம்பச் சந்தோஷம்டா" என்றாள் அக்கா, கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமல். "சட்டையை மிதிச்சிடாம அப்படியே ஓரமா வந்து, அந்த மூலையை அமுக்கிப் பிடி. பேசாம பிடி."